யூரியா மூட்டையில் எழுதாத எண்! - உர ஆலைகளின் கார்பன் கணக்கில் எது வருகிறது, எது விடுபடுகிறது?

கூட்டுறவு சங்கத்திலோ உரக்கடையிலோ ஒரு யூரியா மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'பாரத் யூரியா' என்ற பெயர் இருக்கும். எடை 45 கிலோ, தழைச்சத்து 46 சதவிகிதம், வேப்ப எண்ணெய் பூசியது, அதிகபட்ச விற்பனை விலை என எல்லா விவரமும் இருக்கும். ஓர் எண் மட்டும் இருக்காது. அந்த மூட்டையைத் தயாரிக்கவும், அது வயலில் கரையவும், மொத்தமாக எவ்வளவு பசுமை இல்ல வாயு வானத்துக்குப் போகிறது என்ற எண்.

'அதெல்லாம் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் இருக்குமே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கார்பன் உமிழ்வை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது இப்போது இந்தியாவிலும் விதி. பக்கம் பக்கமாக அட்டவணைகள், பச்சை நிறப் படங்கள், 'கடந்த ஆண்டைவிட இவ்வளவு சதவிகிதம் குறைத்துவிட்டோம்' என்ற வரிகள்... எல்லாம் உண்டு.

ஆனால், உர நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்த அட்டவணையை அப்படியே படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பொய் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எதை எழுத வேண்டும், எதை எழுதாமல் விடலாம் என்று விதிகளே அப்படி அமைந்திருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

காற்றிலிருந்து உரம்... கூடவே வரும் கரி!

முதலில் யூரியா எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வோம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். ஆனால், நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக மாற்றினால்தான் உரமாகும். ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஹேபர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார். கார்ல் பாஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாப்பாடு இந்த வேதிவினையை நம்பித்தான் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

நைட்ரஜன் காற்றிலிருந்து இலவசமாகக் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான ஆலைகள் இயற்கை எரிவாயுவை எடுத்து, நீராவியோடு சேர்த்து உடைக்கின்றன. எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் உரத்துக்குப் போகிறது. மிச்சமுள்ள கரி, கார்பன் டை ஆக்ஸைடாக வெளியே வருகிறது. இதுபோக, உலையைச் சூடாக்கவும் அதே எரிவாயுவை எரிக்க வேண்டும். அதிலிருந்தும் புகை.

சீனாவில் பல ஆலைகள் எரிவாயுவுக்குப் பதில் நிலக்கரியையே பயன்படுத்துகின்றன. அங்கே புகை இன்னும் அதிகம். உலகம் முழுக்க அமோனியா தயாரிப்பில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் கார்பன் டை ஆக்ஸைடு நேரடியாக வெளியேறுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த அமோனியாவில் சுமார் 70 சதவிகிதம் உரத்துக்குத்தான் போகிறது.

ஸ்கோப் 1, 2, 3... வீட்டுக் கணக்கில் புரிந்துகொள்வோம்

கார்பன் அறிக்கையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3' என்ற மூன்று வரிகள். பயப்பட வேண்டாம். நம் வீட்டை ஒரு கம்பெனியாக நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்.

ஸ்கோப் 1: நம் வீட்டுக்குள்ளேயே எரிவது. சமையலறை கேஸ் அடுப்பு, வாசலில் நிற்கும் டூவீலர். உர ஆலைக்கு, அமோனியா உலையிலும் சிம்னியிலும் வருவது.

ஸ்கோப் 2: நாம் கட்டும் கரன்ட் பில். புகை நம் வீட்டில் வராது. ஆனால், நமக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் வருகிறது.

ஸ்கோப் 3: மற்ற எல்லாம். நாம் வாங்கும் பொருள்களைத் தயாரித்தபோது வந்தது, நாம் கொடுத்தனுப்பிய பொருளை மற்றவர் பயன்படுத்தும்போது வருவது. உர நிறுவனத்துக்கு இதில் மிகப் பெரிய பகுதி, விவசாயி உரத்தை வயலில் இட்ட பிறகு வெளியேறும் வாயு.

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 'பி.ஆர்.எஸ்.ஆர்' என்ற அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்ற விதியை 2022-23 நிதியாண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்பது இதன் பொருள். இந்த அறிக்கையில் ஸ்கோப் 1, ஸ்கோப் 2 இரண்டும் கட்டாயக் கேள்விகள். ஸ்கோப் 3 கேள்வியோ, 'முன்னோடி நிறுவனங்களுக்கான' விருப்பப் பகுதியில் வருகிறது. விருப்பம் இருந்தால் நிரப்பலாம், இல்லையென்றால் விடலாம்.

ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். உர நிறுவனத்துக்கு அப்படியில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, தொழு உரமும் ரசாயன உரமும் சேர்ந்து ஆண்டுக்கு 260 கோடி டன் கார்பனுக்குச் சமமான வாயுக்களை வெளியிடுகின்றன. உலகின் விமானங்களும் கப்பல்களும் சேர்ந்து வெளியிடுவதைவிட இது அதிகம். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உரம் வயலுக்குப் போன பிறகு வருவது.

அதாவது, பெரிய பங்கு எதுவோ, அதுதான் விருப்பப் பாடமாக இருக்கிறது.

யூரியாவுக்குள் ஒளிந்து போகும் 33 கிலோ

இனி யூரியாவுக்கே உரிய ஒரு விநோதத்தைப் பார்ப்போம்.

அமோனியா ஆலையில் வெளியே வரும் கார்பன் டை ஆக்ஸைடு முழுவதும் சிம்னி வழியாகப் போய்விடுவதில்லை. யூரியா தயாரிக்க அமோனியாவோடு கார்பன் டை ஆக்ஸைடும் தேவை. எனவே, அந்த வாயுவில் பெரும்பகுதியை ஆலையே பிடித்து, யூரியாவுக்குள் சேர்த்துவிடுகிறது. ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 733 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. 45 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 33 கிலோ.

சில ஆலைகளில் யூரியாவுக்கு இந்த வாயு போதாமல் போய்விடும். உத்தரப்பிரதேசத்தில் இஃப்கோ நிறுவனத்தின் ஆன்லா, பூல்பூர் ஆலைகளில் உலைப் புகையிலிருந்தே நாளொன்றுக்கு 450 டன் வரை கார்பன் டை ஆக்ஸைடைப் பிரித்தெடுக்கும் கருவிகள் 2006-லேயே வந்துவிட்டன. 'புகையைப் பிடித்துப் பொருளாக்குகிறோம்' என்று சொல்வதற்கு நல்ல உதாரணம் இது.

ஆனால், அந்தப் பொருள் எங்கே போகிறது? வயலுக்கு. மண்ணில் ஈரம் பட்டதும், அங்குள்ள நுண்ணுயிர்களின் நொதி யூரியாவைச் சில நாள்களிலேயே உடைத்துவிடும். தழைச்சத்து பயிருக்கு. உள்ளே அடைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்ஸைடு மறுபடி காற்றுக்கு. தூத்துக்குடியில் பிடித்த வாயுவைத் தஞ்சாவூரில் திறந்துவிட்டதுபோல!

அப்படியானால் இந்த 33 கிலோ யாருடைய கணக்கு? நாடுகள் தங்கள் உமிழ்வைக் கணக்கிட ஐ.நா-வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி வகுத்த வழிமுறைப்படி, யூரியாவுக்குப் போன கார்பன் டை ஆக்ஸைடை ஆலைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். அது யூரியா பயன்படுத்தும் நாட்டின் வேளாண் கணக்கில் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வர்த்தக விதியோ நேர் எதிராகச் சொல்கிறது. 'எப்படியும் காற்றுக்குத்தானே போகப்போகிறது? ஆலை வெளியிட்டதாகவே எழுது' என்பது அதன் நிலை.

ஒரே வாயு. இரண்டு நோட்டு. ஒன்றில் ஆலைக் கணக்கு, மற்றொன்றில் வயல் கணக்கு. ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கும்போது அது எந்த நோட்டின் விதிப்படி எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால், இரண்டு ஆலைகளை ஒப்பிடவே முடியாது.

2022-23-ல் இந்திய வயல்களுக்குப் போன யூரியா சுமார் 357 லட்சம் டன். அதற்குள் இருந்த கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் சுமார் 2.6 கோடி டன். அடிக்குறிப்பில் விட்டுவிடக்கூடிய எண் இல்லை இது.

சிரிப்பு வாயுவின் சிரிக்க முடியாத கணக்கு

33 கிலோவோடு முடிந்துவிடவில்லை. வயலில் இட்ட தழைச்சத்து முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் தண்ணீரோடு ஓடும், கொஞ்சம் அமோனியாவாகப் பறக்கும். இன்னும் கொஞ்சத்தை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றிவிடும். முன்பெல்லாம் பல் மருத்துவத்தில் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்திய 'சிரிப்பு வாயு' இதுதான்.

நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 273 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஐ.பி.சி.சி-யின் பொதுக் கணக்குப்படி, வயலில் இடும் தழைச்சத்தில் சுமார் 1 சதவிகிதம் இந்த வாயுவாகிறது.

ஒரு மூட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. அதில் 1 சதவிகிதம் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறினால், கிடைக்கும் வாயு சுமார் 325 கிராம். கேட்கச் சின்ன எண்தான். 273-ஆல் பெருக்கினால் 89 கிலோ!

அந்த 89-ஐயும் முன்பு பார்த்த 33-ஐயும் கூட்டினால் 122 கிலோ. 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்றை முழுக்க எரித்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். ஆக, ஒரு மூட்டை யூரியா ஆலை கேட்டைத் தாண்டிய பிறகு வெளியிடுவது, கிட்டத்தட்ட மூன்று சிலிண்டர் கணக்கு.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த 1 சதவிகிதம் பொதுச் சராசரி. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் நைட்ரஸ் ஆக்ஸைடு கணிசமாகக் குறைவு. அங்கே மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வரும் என்று அதே ஐ.பி.சி.சி-யின் 2006 வழிகாட்டி சொல்கிறது. கரும்பு, மக்காச்சோளம், காய்கறி என்று மாறும்போது எண்ணும் மாறும். மண், மழை, உரம் இட்ட நேரம் எல்லாமே கணக்கை மாற்றும். 'இவ்வளவு சிக்கலான எண்ணை எப்படி அறிக்கையில் எழுதுவது' என்று நிறுவனங்கள் தயங்க இது ஒரு காரணம். ஆனால், நார்வேயின் யாரா போன்ற பெரிய உர நிறுவனங்கள், வயலில் வெளியாகும் வாயுவையும் மதிப்பிட்டுத் தங்கள் அறிக்கையில் சேர்க்கின்றன. துல்லியமாக இல்லாவிட்டாலும் தோராயமாகவாவது எழுதலாம் என்பதற்கு இது சாட்சி.

கூகுள் கார் கண்டுபிடித்த வித்தியாசம்

சரி, ஆலை கேட்டுக்கு உள்ளே இருக்கும் ஸ்கோப் 1 எண்ணையாவது நம்பலாமா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது.

தெருக்களைப் படம் பிடிக்கும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார் ஒன்றில், மீத்தேன் வாயுவைத் துல்லியமாக அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். கார்னெல் பல்கலைக்கழகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பும் சேர்ந்து செய்த வேலை இது. அந்த கார் 6 உர ஆலைகளுக்கு அருகே, காற்று வீசும் திசையில் உள்ள பொதுச் சாலைகளில் ஓடியது. ஆலைக்குள் போகவே இல்லை. சாலையிலிருந்தே காற்றை முகர்ந்து பார்த்தது.

2019-ல் முடிவு வெளியானது. இந்த ஆலைகளின் அளவை வைத்து நாட்டின் உரத்துறை முழுமைக்கும் மதிப்பிட்டபோது, ஆண்டுக்குச் சுமார் 28 ஆயிரம் டன் மீத்தேன் வெளியேறுவதாகத் தெரிந்தது. நிறுவனங்கள் அரசிடம் தாமாகக் கொடுத்திருந்த கணக்கு? வெறும் 200 டன். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை எல்லாத் தொழிற்சாலைச் செயல்முறைகளுக்கும் சேர்த்துப் போட்டிருந்த மதிப்பீடே 8 ஆயிரம் டன்தான்!

இங்கே கவனிக்க வேண்டியது, நிறுவனங்கள் எண்ணைத் திருத்தி எழுதியதாக ஆய்வு சொல்லவில்லை. 6 ஆலைகளை வைத்துப் போட்ட மதிப்பீடு என்பதால், அதிலும் கூடுதல் குறைவுக்கு இடம் உண்டு. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. கார்பன் அறிக்கைகளில் உள்ள எண்களில் பெரும்பாலானவை யாரும் சிம்னியில் கருவி வைத்து அளந்தவை அல்ல. 'இவ்வளவு எரிவாயு வாங்கினோம், அதை இந்தச் சூத்திரத்தில் போட்டால் இவ்வளவு வரும்' என்று கணக்கிட்டவை. குழாய் இணைப்பில் கசிவது, எரியாமல் தப்பிப்பது போன்றவை சூத்திரத்தில் இல்லையென்றால், அறிக்கையிலும் இருக்காது. மீத்தேனோ 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 80 மடங்கு சூடேற்றக்கூடியது.

செபி இதற்கு ஒரு படி முன்னேறியிருக்கிறது. 'பி.ஆர்.எஸ்.ஆர் கோர்' என்ற முக்கியப் பகுதியை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி, 2023-24-ல் முதல் 150 நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிவாகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், கணக்கைச் சரிபார்ப்பதும் காற்றை அளப்பதும் ஒன்றல்ல. சூத்திரத்தைச் சரியாகப் போட்டார்களா என்று ஆடிட்டர் சொல்லிவிடுவார். சூத்திரமே சரியா என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

விலை ஏறினால் புகை குறையுமா?

அறிக்கைகளில் அடிக்கடி வரும் இன்னொரு வார்த்தை 'உமிழ்வுச் செறிவு'. ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு கார்பன் என்ற கணக்கு. இது குறைந்தால் நிறுவனம் முன்னேறியிருக்கிறது என்று தோன்றும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் கார்பன், 2,000 கோடி ரூபாய் விற்றுமுதல். கோடிக்கு 500 டன். அடுத்த ஆண்டும் அதே உற்பத்தி, அதே 10 லட்சம் டன் புகை. ஆனால், எரிவாயு விலை ஏறியதால் அரசு மானியமும் ஏறி, விற்றுமுதல் 3,000 கோடியாகிவிட்டது. இப்போது கோடிக்கு 333 டன். 'செறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டோம்' என்று எழுதலாம். ஒரு கிலோ புகைகூடக் குறையவில்லை!

நிறுவனம் கற்பனைதான், சூழல் கற்பனையல்ல. இந்தியாவில் யூரியாவின் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது. தயாரிப்புச் செலவில் மீதியை மானியமாகத் தருகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு எரிவாயு விலை எகிறியதில், 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. உர நிறுவனங்களின் வருமானத்தில் இந்த மானியமும் சேரும். எனவே, உரத்துறையில் 'ரூபாய்க்கு எவ்வளவு' என்ற எண்ணை நம்புவது ஆபத்து. 'ஒரு டன் யூரியாவுக்கு எவ்வளவு' என்பதுதான் சரியான கேள்வி. பி.ஆர்.எஸ்.ஆர் படிவத்தில் உற்பத்தி அளவை வைத்துச் செறிவைச் சொல்லும் வரியும் இப்போது இருக்கிறது. தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

இதேபோல இன்னொரு கண்கட்டு. டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் உரம் தயாரிக்கும் பல ஆலைகள் அமோனியாவைத் தாங்களே தயாரிப்பதில்லை. மேற்காசிய நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கின்றன. அமோனியா தயாரிப்பில் வந்த புகை அந்த நாட்டிலேயே தங்கிவிடும். எனவே, இந்த ஆலையின் ஸ்கோப் 1 எண் சிறியதாகத் தெரியும். வாங்கிய அமோனியாவின் சுமை ஸ்கோப் 3-ல்தான் வரும். அது விருப்பப் பகுதி என்பதுதான் நமக்கு ஏற்கெனவே தெரியுமே!

நம் ஊரில் உண்மையிலேயே குறைந்தவை

எல்லாமே காகிதக் கணக்குதானா? இல்லை. தமிழகத்திலேயே நிஜமான மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

சென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலையும், தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் பல பத்தாண்டுகள் நாப்தாவில் இயங்கியவை. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவில், இயற்கை எரிவாயுவைவிடக் கரியின் பங்கு அதிகம். மணலி ஆலை 2019-லும், ராமநாதபுரத்திலிருந்து குழாய் வந்த பிறகு தூத்துக்குடி ஆலை 2021-லும் எரிவாயுவுக்கு மாறின. ஒரு டன் உரத்துக்கான புகையைக் குறைக்கும் மாற்றம் இது. ஸ்கோப் 1-ல் நியாயமாகக் குறைய வேண்டிய எண்.

தூத்துக்குடி ஸ்பிக் வளாகத்தில் உள்ள நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் சூரிய மின்நிலையம் ஒன்றை 2022 மார்ச்சில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சுமார் 150 கோடி ரூபாய் திட்டம். இது ஸ்கோப் 2-ஐக் குறைக்கும்.

இரண்டும் பாராட்ட வேண்டியவை. ஆனால், இரண்டாலும் மூட்டைக்குள் இருக்கும் 33 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து 'பசுமை அமோனியா' தயாரித்தாலும் யூரியாவின் சிக்கல் முழுதாகத் தீராது. பசுமை அமோனியா தயாரிப்பில் கார்பன் டை ஆக்ஸைடு கிடைக்காது. யூரியாவுக்கோ அது கட்டாயம் வேண்டும். அதை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

உரமே வேண்டாம் என்றால்?

'அப்போ உரத்தையே நிறுத்திவிடலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். பக்கத்து நாட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியது. முன்தயாரிப்பு இல்லாமல் உரத்தை நிறுத்தினால், முதலில் காலியாவது நம் சாப்பாட்டுத் தட்டுதான்.

கேம்பிரிட்ஜ் ஆய்வு வேறு வழி காட்டுகிறது. இருக்கும் தொழில்நுட்பங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினாலே, 2050-க்குள் உரத்தின் உமிழ்வை 80 சதவிகிதம் வரை குறைக்கலாம் என்கிறது. அதில் பெரிய பங்கு, தேவையான அளவு உரத்தைத் தேவையான நேரத்தில் இடுவது. நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. நெல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து யூரியா இடச்சொல்லும் இலை வண்ண அட்டை, யூரியா மெதுவாகக் கரைய உதவும் வேப்பெண்ணெய்ப் பூச்சு, நடவுக்கு முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டு, சணப்பு எல்லாம் அதற்கான கருவிகள்தான்.

இங்கேதான் அறிக்கையில் உள்ள ஓட்டை நேரடியாக நம்மைத் தொடுகிறது. வயலில் வெளியாகும் வாயு நிறுவனத்தின் கணக்கில் வந்தால், விவசாயிக்கு மண் பரிசோதனை செய்துதரவும், அளவாக உரமிடப் பயிற்சி கொடுக்கவும், நல்ல பூச்சுள்ள உரத்தை உருவாக்கவும் நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும். கணக்கில் வராவிட்டால், மூட்டை விற்றதோடு அதன் பொறுப்பு முடிந்தது. பழி மட்டும் 'விவசாயி அதிகமாகப் போடுகிறார்' என்று வயல் பக்கம் திரும்பும். பயிர்க்கடனில் உரம் வாங்கும் ஒருவர் தலையில் ஏற்ற வேண்டிய சுமையா அது?

கணக்கெடுத்தால் மாற்றம் வரும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. நைட்ரிக் அமில ஆலைகளிலிருந்தும் நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியேறும். அதைக் குறைத்தால் கார்பன் கிரெடிட் விற்கலாம் என்று க்யோட்டோ ஒப்பந்தத்தின்கீழ் வழி வந்தபோது, குஜராத், மகாராஷ்டிர ஆலைகள் சில அளவுக்கருவிகளையும் வினையூக்கிகளையும் பொருத்தின. அளக்க ஆரம்பித்த இடத்தில்தான் குறைக்கும் வேலையும் ஆரம்பித்தது.

ஐரோப்பாவும் அந்த வழியில் நெருக்குகிறது. அங்கே இறக்குமதியாகும் உரத்துக்குத் தயாரிப்பின்போது வெளியான கார்பனைப் பொறுத்துக் கட்டணம் விதிக்கும் எல்லை வரி விதி, 2023 அக்டோபரில் வெறும் கணக்குச் சமர்ப்பிப்பாகத் தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இனி கார்பன் எண் என்பது ஆண்டறிக்கையின் அலங்காரப் பக்கம் அல்ல. பில்லில் ஏறும் ஒரு வரி.

அறிக்கையைப் படிக்க 5 கேள்விகள்

நீங்கள் உர நிறுவனப் பங்கு வாங்குபவராக இருக்கலாம். ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். கல்லூரியில் புராஜெக்ட் செய்பவராகவும் இருக்கலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கை, அவற்றின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொபைலில் திறந்து, இந்த 5 கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. ஸ்கோப் 3 எண் கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால், வயலில் வெளியாகும் வாயு அதில் சேர்ந்திருக்கிறதா?

2. யூரியாவுக்குள் போன கார்பன் டை ஆக்ஸைடைக் கழித்திருக்கிறார்களா, சேர்த்திருக்கிறார்களா?

3. கார்பன் டை ஆக்ஸைடு மட்டுமா, மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் உண்டா? அவை அளந்தவையா, சூத்திரத்தில் கணக்கிட்டவையா?

4. குறைவு என்று சொல்வது ரூபாய்க்கா, டன் உரத்துக்கா? பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைத்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்களா?

5. வெளியாள் யாராவது சரிபார்த்திருக்கிறார்களா? முழு அறிக்கையையா, சில எண்களை மட்டுமா?

ஐந்துக்கும் தெளிவான பதில் இருந்தால், அந்த நிறுவனத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். பதில் இல்லாத இடத்தில் கேள்வி கேட்கலாம். பங்குதாரராக இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பாக்கெட் உணவில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று பார்த்து வாங்க நாம் பழகிவிட்டோம். அந்த அரிசியை விளைவித்த உர மூட்டையிலும் ஒருநாள் ஓர் எண் வரும். அது ஆலை கேட்டோடு நின்றுவிடாமல், வயல் வரைக்கும் போட்ட கணக்காக இருக்க வேண்டும்.